எண்ணூர் பாலத்துக்குக் கீழே போன வாரம் மிதந்த படகு இந்த வாரம் சேற்றில் கிடக்கிறதே, ஏன்?

பாலம்தாண்டி | திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் மதுரைப் பக்கம். கடலைப் பார்த்து வளர்ந்தவன் இல்லை. மூன்று மாதமாக எண்ணூருக்கு வடக்கே, துறைமுகச் சாலையில் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை. திருவொற்றியூரில் அறை எடுத்திருக்கிறேன். தினமும் காலையிலும் இரவிலும் கொசஸ்தலையாற்றுப் பாலத்தைத் தாண்டுகிறேன்.

பாலத்திலிருந்து பார்த்தால் கரையோரம் ஃபைபர் படகுகள் வரிசையாக நிற்கும். போன திங்கள் காலை எட்டு மணிக்கு எல்லாம் மிதந்துகொண்டிருந்தன. இன்று அதே எட்டு மணிக்கு எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து சேற்றில் கிடந்தன. அணை இல்லை, மதகு இல்லை, நடுவில் மழையும் இல்லை. பேருந்தில் யாரிடமாவது கேட்கலாம் என்றால் பாதிப் பேர் என்னைப் போல வெளியூர்க்காரர்கள்.

அது ஆறா, கடலா, துறைமுகமா? அங்கே இருக்கிற ஊரைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கிப் போய்ப் பார்க்க ஆசை.

கணக்கு வாத்தியார் | திங்கள், இரவு 10.15

தம்பி, நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். அந்த இடம் நீங்கள் கேட்ட மூன்றும்தான். கழிமுகம் என்று சொல்வோம். கொசஸ்தலையாறு கடலில் சேரும் வாய் அது. ஆற்றுத் தண்ணீர் வெளியே போகிற வழியாகவே கடல் தண்ணீர் உள்ளே வருகிறது.

நம் கரையில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். ஏழு நாளுக்கு 350 நிமிடம், கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே இருப்பதும் அதே ஆறு மணி நேரம்தான். ஆகவே ஒரு திங்கள் மிதந்த படகு அடுத்த திங்கள் அதே நேரத்தில் தரையில் கிடந்தாக வேண்டும்.

என் தாத்தா இதை 'இன்றைக்கு நேற்றைவிட ரெண்டு நாழிகை பின்னால' என்பார். ஒரு நாழிகைக்கு 24 நிமிடம், இரண்டுக்கு 48. கடிகாரம் கட்டாத மனிதர் இரண்டு நிமிடத்துக்குள் சரியாகச் சொல்லியிருக்கிறார் என்று எனக்கு வேலை கிடைத்த பிறகுதான் புரிந்தது.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் பெரிதாக இருக்கும், அஷ்டமியை ஒட்டி மந்தமாக இருக்கும். இந்த ஏற்ற இறக்கத்துக்குத்தான் ஓதம் என்று பெயர். சென்னையில் பெரிய ஓதம் என்றாலே சுமார் ஒரு மீட்டர்தான். குஜராத்தில் காம்பே வளைகுடாவில் 10 மீட்டர் வரை ஏறும், அதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் தண்ணீரே முழங்கால், இடுப்பு ஆழம் என்று இருக்கிற இடத்தில் அந்த ஒரு மீட்டர்தான் எல்லாம்.

முகத்துவாரம் | செவ்வாய், காலை 6.05

வாத்தியார் ஐயா கணக்கைச் சொல்லிவிட்டார். நான் ஊரைச் சொல்கிறேன். நான் அங்கே பிறந்தவன். இப்போது ஓட்டுநர் வேலை, ஆனாலும் வீடு அங்கேதான்.

வெளியே இருந்து பார்த்தால் ஒரே ஊர் போலத் தெரியும். நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், எண்ணூர் குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம், காட்டுக்குப்பம் என்று தனித்தனிக் குப்பங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பஞ்சாயத்து, தனி அம்மன் கோயில், ஆடி மாசம் தனிக் கூழ். சில குப்பங்கள் கடலைப் பார்த்தவை, சில ஆற்றைப் பார்த்தவை. கழிமுகம் என்று நாங்கள் பேச்சில் சொல்வதில்லை. ஆறு என்றுதான் சொல்வோம். 'ஆத்துக்குப் போயிருக்கார்', 'கடலுக்குப் போயிருக்கார்', இரண்டும் வேறு வேறு தொழில். வலை வேறு, படகு வேறு, வீட்டுக்கு வருகிற நேரமும் வேறு.

துறைமுகமா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்களுக்கு யாரும் சுவர் எழுப்பித் தரவில்லை. முகத்துவாரத்தில் ஆழம் இருந்தால் எங்களுக்குத் துறைமுகம் இருக்கிறது. ஆழம் போனால் இல்லை. அவ்வளவுதான்.

வாயில் மணல் மேடு எப்போதும் இருக்கும், ஆனால் ஒரே இடத்தில் இருக்காது. வருஷத்தில் அதிக மாதம் கடல் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளும், வாடைக் காலத்தில் திருப்பித் தள்ளும். ஆற்றில் மழைத் தண்ணீர் குறைந்த மாதங்களில் மணல் வாயை நெருக்கிக்கொண்டே வரும். ஐப்பசி, கார்த்திகையில் பூண்டி ஏரியில் தண்ணீர் திறந்தால் அந்த வெள்ளம் இங்கேதான் கடலைத் தொடும். அப்போது ஆறே மணலை வெட்டிக்கொண்டு போகும். அதனால் போன மாசம் வந்த வழியில் இந்த மாசம் வர முடியாது. எங்கே அலை உடையவில்லையோ அங்கேதான் ஆழம் என்று பார்த்து வர வேண்டும். ஆற்றுத் தண்ணீர் வேகமாக இறங்கும்போது எதிரே கடல் அலை வந்தால், அலை சுவர் மாதிரி எழுந்து நிற்கும். அந்த நேரத்தில் அனுபவசாலிகூட உள்ளே வர மாட்டார். என் நைனா மீனோடு வெளியே ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் காத்துக் கிடந்திருக்கிறார். ஐஸ் உருகும். கரையில் அம்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நிற்பார். எங்கள் வீட்டில் கடிகாரம் பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான்.

சின்ன வயதில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடம், சேற்றில் காலைத் தூக்கி வைக்காதே, தேய்த்துக்கொண்டே போ என்பது. கீழே திருக்கை படுத்திருந்தால் காலின் அதிர்வுக்கு விலகிப் போய்விடும். மிதித்தால் முள் போடும். சிப்பி கிழிக்கும் இடம் எது, இடுப்புவரை புதையும் இடம் எது என்று காலுக்கே தெரியும். அமாவாசை இருட்டில் தண்ணீர் இறங்கும்போது இறால் கடலைப் பார்த்து இறங்கும். அந்த வழியில் கழி ஊன்றி வலை கட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். ராத்திரி இரண்டு மணியோ மூன்று மணியோ, தண்ணீர் எப்போது சொல்கிறதோ அப்போதுதான் வேலை.

காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் எங்களிடம் தனித்தனிப் பெயர் உண்டு. மேற்கிலிருந்து வந்தால் கச்சான், கிழக்கிலிருந்து கொண்டல், வடக்கிலிருந்து வாடை. கடலில் தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் தெண்டி வெள்ளம், வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் வன்னி வெள்ளம். எந்த வெள்ளம், எந்தக் காற்று என்று கேட்ட பிறகுதான் எங்கே வலை போடுவது என்ற பேச்சே தொடங்கும். என் மகன் வானிலையைச் செல்போனில் பார்க்கிறான். பார்க்கட்டும், நல்லதுதான். ஆனால் இந்தப் பெயர்கள் அவனுக்குத் தெரியாமல் போகக்கூடாது என்று நினைக்கிறேன்.

பாலம்தாண்டி | செவ்வாய், இரவு 10.20

அண்ணே, மூன்று முறை படித்தேன். இன்று பேருந்தில் ஜன்னல் ஓரம் கேட்டு வாங்கி உட்கார்ந்தேன்.

ஒன்று கேட்க வேண்டும். பாலத்தின் மறுபக்கம் முழுக்கப் புகைபோக்கிகள், நிலக்கரிக் குவியல், குழாய்கள். தண்ணீரின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ படிந்திருக்கிறது. அதை முதலில் வண்டல் என்று நினைத்தேன்.

முகத்துவாரம் | புதன், காலை 5.50

அது வண்டல் இல்லை தம்பி. சாம்பல்.

அனல் மின் நிலையத்தில் எரிந்த நிலக்கரியின் சாம்பலைத் தண்ணீரில் கலந்து குழாயில் சாம்பல் குளத்துக்கு அனுப்புவார்கள். அந்தக் குழாய்கள் ஆற்றை ஒட்டியும் தாண்டியும் போகின்றன. வருஷக் கணக்காக அவை ஒழுகியிருக்கின்றன. சாம்பல் தண்ணீரோடு போய்விடும் என்று நினைக்க வேண்டாம். அடியில் உட்கார்ந்து சிமெண்ட் மாதிரி இறுகும். நைனா காலத்தில் கழி ஊன்றிப் படகு தள்ளிய இடத்தில் இப்போது வற்றும்போது நடந்து போகிறோம். நான் முன்னே எழுதினேனே, ஆழம்தான் எங்கள் துறைமுகம் என்று. அந்த ஆழத்தைத்தான் கரண்டி கரண்டியாக நிரப்பிவிட்டார்கள்.

எண்ணெயும் வந்தது. 2017 ஜனவரி 28-ஆம் தேதி துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. அந்தக் கருப்பைக் கரையில் வாளியால் அள்ளினதை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்தது அதைவிட மோசம், ஏனென்றால் அது கடல் பக்கமாக வரவில்லை. எண்ணெய் ஆலை இருக்கிற மணலிப் பக்கத்திலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக நேரே ஆற்றுக்குள் இறங்கியது. படகு, வலை, வீட்டுச் சுவர், நாய், நாரை எல்லாம் கருப்பு. அதே மாசம் 26-ஆம் தேதி நள்ளிரவில் கடலுக்கடியில் போகும் ஒரு குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிந்து, மூச்சு முட்டி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினோம்.

வெளியே இருப்பவர்கள், 'எண்ணெய் வந்தது, அள்ளிவிட்டார்கள், முடிந்தது' என்று நினைக்கிறார்கள். ஓதம் ஏறி இறங்கும் ஊரில் எதுவும் அப்படி ஒரே முறையில் வந்து போகாது. நாளைக்கு இரண்டு முறை தண்ணீர் அந்த எண்ணெயைத் தூக்கிக்கொண்டு போய்க் கண்டல் செடிகளின், அதாவது அலையாத்திகளின், வேருக்குள்ளே வைத்தது, இரண்டு முறை வெளியே எடுத்து வந்து சேற்றில் பூசியது. தண்ணீர் எதுவரை ஏறியது என்று கண்டல் தண்டுகளில் ஒரே மட்டத்தில் கருப்புக்கோடு. வாத்தியார் ஐயா சொன்ன அந்த ஒரு மீட்டரை எங்களுக்கு எண்ணெய் கோடு போட்டுக் காட்டியது.

கிரேன் இயக்குபவர் | புதன், பிற்பகல் 1.30

நான் அந்தத் துறைமுகத்துக்குள்ளே வேலை பார்ப்பவன். அண்ணன் எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை, எனக்கும் தெரியும். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது.

எண்ணூர் துறைமுகம், இப்போது காமராஜர் துறைமுகம், 2001-இல் மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்கத்தான் முதலில் வந்தது. சென்னையில் நாம் போடுகிற விளக்கு, மின்விசிறி எல்லாம் அந்த நிலக்கரியில்தான் ஓடியது. என் மச்சான் அதே குப்பத்துப் பையன். ஒப்பந்த வேலைதான் என்றாலும் மாசச் சம்பளம் வாங்குகிறான், வீட்டுக்கு மாடி எடுத்திருக்கிறான். கடலுக்குப் போய்த் திரும்புகிறானா என்று அவன் மனைவி கரையில் நிற்க வேண்டியதில்லை. இந்த நிம்மதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முகத்துவாரம் | புதன், இரவு 8.45

சொல்ல வேண்டியதுதான் அண்ணே. உங்கள் மச்சான் மாதிரி எங்கள் தெருவிலும் இருக்கிறார்கள், அவர்கள் வாங்குகிற சம்பளத்தில் எங்கள் அம்மன் கோயில் திருவிழாவும் நடக்கிறது.

விளக்கை அணைக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. ஒழுகாத குழாய் வேண்டும். அடியில் உட்கார்ந்த சாம்பலை அள்ள வேண்டும். வாய் அடையாமல் இருக்க வேண்டும். வேலை ஒரு வீட்டில் ஒருவருக்குக் கிடைக்கும், அதுவும் படித்த, வயது உள்ள, உடம்பில் தெம்பு உள்ள ஆம்பிளைக்கு. ஆறு அப்படிப் பார்க்காது. என் ஆயா எழுபது வயதிலும் வற்றுகிற நேரத்தில் இறங்கி, குழம்புக்கு வேண்டியதைத் தடவி எடுத்து வந்தார். கணவனை இழந்தவர், வலை வாங்கக் காசு இல்லாதவர், பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன், யார் இறங்கினாலும் ஏதாவது கொடுத்தது. அதற்கு ஈடாக எந்த அலுவலகம் வேலை போட்டுத் தரும்?

கூடைக்காரி மகள் | வியாழன், காலை 11.10

இத்தனை நேரம் ஆண்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். நான் கூடை சுமந்தவரின் மகள், அதனால் எழுதுகிறேன்.

ஆற்று மீனைப் பாதிக்கு மேல் கையாண்டது பெண்கள்தான். இருளர் பெண்கள் வலை இல்லாமலே இறால் பிடிப்பார்கள். கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி, பிடித்ததை வாயில் கவ்வியிருக்கும் பறியில், அதாவது ஓலைக் கூடையில், போடுவார்கள். மணிக்கணக்கில் அப்படியே. விரலில் இறால் முள்ளும் சிப்பியும் கிழித்த தழும்பு இல்லாத கையை நான் பார்த்ததில்லை. சேற்றில் கை வைத்தே பிழைப்பவர்களுக்கு அந்தச் சேற்றில் சாம்பலும் எண்ணெயும் கலந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எங்கள் அம்மா நண்டும் மடவை மீனும் வாங்கித் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை தெருக்களில் விற்பார். எங்கள் வீட்டில் வஞ்சிரம் விற்பதற்கு, மடவை தின்பதற்கு. ஆற்று மடவையில் புளி கொஞ்சம் தூக்கலாக விட்டு, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தால் மறுநாள் காலைப் பழைய சோற்றுக்குத்தான் அது முழு ருசி தரும். இறாலைக் கத்தரிக்காயோடு சேர்த்துத் தொக்கு மாதிரி சுண்ட வைப்பார். கிழங்கான் வந்தால் வறுவல், குழம்பில் போட விடமாட்டார்.

2017-க்குப் பிறகு வாடிக்கைக்காரர்கள் ஒரு கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். 'எண்ணூர் நண்டா?' ஆமாம் என்றால் எடுத்ததைத் திரும்பக் கூடையில் வைத்துவிடுவார்கள். இருபது வருஷமாக வாங்கியவர்கள்கூட. கொஞ்ச நாள் அம்மா 'பழவேற்காடு' என்று சொல்லி விற்றார். அப்புறம் ஒருநாள் வீட்டுக்கு வந்து, சொந்த ஊர்ப் பெயரைச் சொல்ல முடியாமல் தொழில் செய்ய வேண்டாம் என்று கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டார். அந்தக் கூடை இன்னும் பரணில் இருக்கிறது. பண நஷ்டத்தைப் பற்றி அவர் இப்போது பேசுவதே இல்லை. பெயரை மாற்றிச் சொன்னதைத்தான் பேசுவார்.

உப்புத்தோணி | வியாழன், இரவு 9.00

அக்கா எழுதியதைப் படித்த பிறகு வரலாறு பேசத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் அந்தக் கால்வாயைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எண்ணெய் வந்த அதே வழியில்தான் ஒரு காலத்தில் ஊருக்குச் சோறு வந்தது.

1806-இல் சென்னையையும் எண்ணூரையும் இணைத்து வெட்டிய கால்வாய்தான் தொடக்கம். அப்போது காக்ரேன் கால்வாய் என்று பெயர். பிறகு பழவேற்காட்டுக்கும் அதைத் தாண்டியும் நீண்டது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு வந்தவர்களைக் கொண்டு கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டை வெட்டினார்கள். அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகன் பெயர் 1878-இல் வந்தது. காக்கிநாடாவிலிருந்து நம் விழுப்புரம் மாவட்டம் வரை சுமார் 800 கிலோமீட்டர். உப்பும் விறகும் தோணியில் வந்து பேசின் பிரிட்ஜ் பக்கம் இறங்கும். அங்கே இருக்கும் சால்ட் கோட்டார்ஸ் என்ற பெயரில் ஒளிந்திருப்பது நம் கொட்டாரம்தான், உப்புக் கொட்டாரம், அதாவது உப்புக் கிடங்கு. அத்திப்பட்டு உப்பளங்களில் ஏற்றிய சரக்கு ஓதம் பார்த்துத்தான் கிளம்பும். 1960-களின் புயல்களுக்குப் பிறகு போக்குவரத்து படுத்துவிட்டது. நகரம் அதைச் சாக்கடையாக நினைக்கப் பழகிவிட்டது.

மணலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்குக் கல் கொட்டத் தொடங்கியதிலிருந்து, வடக்கே போக வேண்டிய மணல் அந்தச் சுவரில் தட்டித் தெற்கே நின்றது. மெரினா அகலமானது அப்படித்தான். வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை அரிந்தது. நாம் மாலையில் சுண்டல் சாப்பிடும் மணலில் ஒரு பங்கு வடசென்னைக் குப்பங்களுக்குப் போயிருக்க வேண்டியது. இது எனக்குப் பள்ளியில் யாரும் சொல்லவில்லை.

பழவேற்காட்டுப் பிள்ளை | வெள்ளி, காலை 7.20

கூடைக்கார அம்மாவுக்கு ஒன்று சொல்லுங்கள் அக்கா. எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி விற்றதில் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஏரியும் ஆறும் கால்வாயில் ஒன்றாகத்தானே கிடக்கின்றன, நண்டுக்கு எல்லை தெரியுமா?

எங்கள் பக்கம் பாடு முறை இருக்கிறது. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று குப்பங்கள் முறை வைத்து மாற்றிக்கொள்வது. நல்ல இடம் ஒரே ஆளிடம் தங்காது. பெரியவர்கள் வகுத்தது, இன்றும் நடக்கிறது. ஆனால் பாடு எவ்வளவு நியாயமாக இருந்தாலும் இடமே அழிந்தால் எதை முறை வைப்பது? இப்போது காக்கா ஆழி வந்திருக்கிறது. தென் அமெரிக்கப் பக்கத்துச் சிப்பி. கருப்பாக, கொத்துக் கொத்தாகப் பாய் விரித்த மாதிரி அடியை மூடிவிடும். இறால் புதைய சேறு கிடைக்காது, மஞ்சள் மட்டி மூச்சு முட்டிச் செத்துப்போகும். எண்ணூரில் முதலில் பரவி எங்கள் ஏரிக்குள்ளும் வந்துவிட்டது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறது. அள்ளுகிற வேகத்தைவிட அது வளர்கிற வேகம் அதிகம்.

பாலம்தாண்டி | ஞாயிறு, இரவு 8.30

இன்று போய் வந்தேன். முகத்துவாரம் அண்ணன் பேருந்து நிறுத்தத்துக்கே வந்து கூட்டிப் போனார். நெட்டுக்குப்பத்தில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் உடைந்த பாலத்தில் காலையிலேயே கேமராக்காரர்கள் நிறைய. சூரியன் எழுந்ததும் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஊர் வேலை தொடங்கியது.

தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பெரியவர் வலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு நிறைய கருஞ்சிப்பியையும் கொஞ்சம் இறாலையும் பிரித்துக்கொண்டிருந்தார். சிப்பிகளை ஆற்றில் போடாமல் கரையில் ஒரு குவியலாகப் போட்டார். இடுப்பு உயரக் குவியல். கண்டல் செடிகளுக்கு நடுவே நாரைகள் நின்றன. தண்டுகளில் அந்தக் கோடு மங்கலாக இன்னும் இருக்கிறது. அதன் மேலே புது இலை விட்டிருக்கிறது.

நானும் சேற்றில் இறங்கினேன். பழக்கத்தில் காலைத் தூக்கி வைத்தேன். பின்னாலிருந்து ஒரு சின்னப் பெண், ஐந்தாம் வகுப்பு இருக்கும், 'அண்ணா, தேய்ச்சு வை, தேய்ச்சு வை' என்று கத்தினாள். எனக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியது என்று எழுதத் தெரியவில்லை. யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி சொல்லியிருக்க மாட்டார்கள். பார்த்தே கற்றிருப்பாள்.

மதியம் அண்ணன் வீட்டில் மடவைக் குழம்பு. மாங்காய் போட்டது.

முகத்துவாரம் | ஞாயிறு, இரவு 9.10

தம்பி, செருப்பை எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே விட்டுப் போய்விட்டீர்கள். வரும் அமாவாசைக்கு ராத்திரி வலை கட்டுகிறார்கள், வர முடியுமா என்று பாருங்கள். டார்ச் வேண்டாம், இறால் கலையும். கூடைக்காரி மகள் அக்கா, அம்மாவையும் ஒருமுறை கூட்டி வாருங்கள். நண்டு இருக்கும்.